வெயிட்டிங் லிஸ்ட்டில் பெயர் வந்தால்…

படிப்பு மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகள். பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. நம்மூர் கவுன்சலிங் பற்றியும் ஒன்று உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் கடல் உயிரியல் படிக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். மார்ச் கடைசியில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பதில் வந்தது. வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மனசு முதல் இடத்திலேயே நிற்கிறது. இன்னும் விருப்பம் இருக்கிறது என்று கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும்? வீட்டில் அம்மாவும் நானும் கடற்பாசி வளர்க்கிறோம்.
(மாணவி, மண்டபம்)

பதில்: கடிதத்துக்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. இதைக் கோட்டை விட்டால் எவ்வளவு நல்ல கடிதமும் வீண்.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலைத் திறந்து, பட்டியலில் நீடிக்கச் சம்மதம் என்று பதியுங்கள். வந்திருப்பது அழைப்பு மட்டும்தான். நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும். இதற்குத் தனிக் கெடு உண்டு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் அந்தப் படிவத்திலேயே நாலு வரி எழுத ஒரு கட்டம் இருக்கும். இருந்தால் அதுதான் உங்கள் கடிதம், தனியாக மெயில் போட வேண்டாம். 'கூடுதலாக எதையும் அனுப்பாதீர்கள்' என்று எழுதியிருந்தால் அனுப்பவே கூடாது. சொன்னதைக் கேட்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும்.

இரண்டாவது, இடம் கொடுத்த கல்லூரியில் முன்பணம் கட்டி அந்த இடத்தைப் பிடித்து வையுங்கள். அங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1 கெடு. கிழக்குக் கடற்கரை நேரப்படி மே 1 இரவு 11.59 என்றால் நமக்கு மே 2 காலை 9.29. அதை நம்பி உட்காராமல் மூன்று நாள் முன்பே கட்டிவிடுங்கள். காரணம் கார்டுதான். நம் வங்கிகள் தருகிற டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பிலோ கிளையிலோ சொல்லித் திறந்து, வரம்பையும் உயர்த்த வேண்டும். கடைசி இரவில் பணம் போகாமல் நின்றால், மண்டபத்தில் எந்தக் கிளையும் திறந்திருக்காது. இரண்டு கல்லூரியில் முன்பணம் கட்டி வைப்பது கூடாது. தெரியவந்தால் இரண்டு இடமும் பறிபோகலாம். ஒரு இடத்தில் கட்டிவிட்டு இன்னொரு இடத்தின் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பது முறையானதுதான், அதில் தவறில்லை. பின்னால் அங்கே இடம் வந்து போனீர்களானால், முதலில் கட்டிய முன்பணம் பொதுவாகத் திரும்பாது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

இனி கடிதம். ஒரு பக்கம், 300 முதல் 400 சொல். முடிவு வந்த பத்து நாளுக்குள் அனுப்புங்கள். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படிக்கிற சேர்க்கை அதிகாரி யார் என்று அவர்கள் இணையதளத்தில் இருக்கும். அவர் பெயருக்கு எழுதுங்கள். மெயிலின் தலைப்பில் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்கட்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும், மெயிலில் ஒற்றை இனிஷியல் முன்னால் நிற்கும். அங்கே கோப்பைத் தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது.

உள்ளே நான்கு விஷயம் போதும்: பட்டியலில் வைத்ததற்கு ஒரு வரி நன்றி, இடம் கொடுத்தால் சேருவேன் என்ற உறுதி, விண்ணப்பித்த பிறகு நடந்த புதிய செய்தி, ஏன் அந்தக் கல்லூரி என்பதற்கு அங்கே மட்டும் பொருந்துகிற காரணம். மூன்றாவதில்தான் கடிதம் நிற்கும் அல்லது விழும். உங்கள் பழைய விண்ணப்பம் அவர்களிடமே இருக்கிறது. அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் படிக்கிறவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். பொருளை இங்கே தமிழில் காட்டுகிறோம். பலரும் இப்படித் தொடங்குவார்கள்: 'சிறு வயது முதலே கடல் என்றால் எனக்கு உயிர். உலகப் புகழ் பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் வாழ்நாள் கனவு.' இதில் கல்லூரியின் பெயரை மாற்றி வேறு பத்து இடத்துக்கு அனுப்பலாம். அப்படி அனுப்ப முடிகிற வரி எதுவும் இந்தக் கடிதத்தில் இருக்க வேண்டாம். அதற்குப் பதிலாக:

'ஜனவரியில் அனுப்பிய விண்ணப்பத்தில் எங்கள் பாசி மிதவைகளின் எடையைக் குறித்துவருவதாக எழுதியிருந்தேன். அதன்பின் இரண்டு அறுவடை முடிந்திருக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டி 45ஆம் நாள் எடுக்கிறோம். மீன் கடித்து வீணாவதைக் குறைக்க மிதவைக்கு அடியில் கட்டும் வலையில், மூன்று மிதவைக்குச் சிறிய கண்ணும் மூன்றுக்குப் பெரிய கண்ணும் போட்டுப் பார்த்தேன். ஆறின் எடையும் கீழே உள்ளது. சிறிய கண் வலையில் அழுக்கு சீக்கிரம் படிகிறது. அதை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் பாசி வெளுக்கிறது. இதை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை.'

இது மாதிரிக்குத்தான். எடையை நிஜமாகவே குறித்திருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் செய்தது எதுவோ அது. கவனியுங்கள், இதில் 'ஆர்வம்' என்ற சொல்லே இல்லை. கடைசி இரண்டு வரியைப் படிக்கிறவருக்கு ஆர்வம் தானாகத் தெரிந்துவிடும். பாசியின் பெயரை எழுதும்போது கப்பாபைகஸ் என்றே எழுதுங்கள். பெப்சி பாசி என்றால் நம் கரையில் எல்லாருக்கும் விளங்கும், அங்கே குளிர்பானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

'சேருவேன்' என்ற உறுதியை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் கொடுக்கலாம். உதவித்தொகை இல்லாமல் போக முடியாது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்: 'எங்கள் குடும்பத்தால் கட்டக்கூடிய அளவுக்கு உதவி அமைந்தால் நிச்சயம் சேருவேன்.' பொய் உறுதியைவிட நிபந்தனையோடு சொன்ன உறுதி மேல்.

பிளஸ் டூ தேர்வு முடிவு மே மாதம் வந்துவிடும். அன்றைக்கோ மறுநாளோ இரண்டாவது மெயில், ஐந்தாறு வரி, மதிப்பெண்ணோடு. சான்றை மட்டும் பள்ளி அனுப்ப வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் 'கவுன்சலர்' என்று ஒருவர் இருப்பார். நம் பள்ளிகளில் அந்த இடத்தில் தலைமை ஆசிரியர்தான். தற்காலிக மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பள்ளியின் மெயிலிலிருந்து போகச் செய்யுங்கள். கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியர் ஊருக்குப் போய்விடுவார், ஏப்ரலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

கேள்வி: தம்பிக்கு வெயிட்டிங் லிஸ்ட். 'எத்தனையாவது நம்பர்?' என்று கேட்டு எழுதினோம், நம்பர் கிடையாது என்று பதில் வருகிறது. வாப்பா துபாயில் இருக்கிறார்கள், செலவுக்குத் தயார். ஒரு ஏஜென்ட், 'உள்ளே ஆள் இருக்கிறது, தள்ளிவிடலாம்' என்கிறார். நம்பலாமா?
(மாணவனின் காக்கா, அதாவது அண்ணன், கீழக்கரை)

பதில்: நம்பர் கிடையாது என்பது பெரும்பாலும் உண்மையே. சேது எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14 என்றால், முன்னால் 13 பேருக்குக் கிடைத்த பிறகு உங்கள் முறை. பல்கலைக்கழகத்தில் அந்த வரிசை இல்லை. மே 1 கழிந்த பிறகு யார் யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். இயற்பியலில் ஆள் குறைந்தால் இயற்பியல் கேட்டவரை எடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர் குறைந்தால் வெளிநாட்டவரை. அந்த வாரம் எந்தக் கட்டம் காலியோ அதற்குப் பொருந்துகிறவருக்கு இடம். வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டால் அந்த ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காமல் பட்டியலை மூடிவிடுவதும் உண்டு.

வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க வழி இருக்கிறது. 'காமன் டேட்டா செட்' என்ற ஓர் ஆவணத்தை அங்குள்ள பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்கும். அதில் சி2 என்ற பகுதியில் மூன்று எண் இருக்கும்: எத்தனை பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட் கொடுத்தார்கள், எத்தனை பேர் நீடித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஆண்டை நம்பாமல் நான்கைந்து ஆண்டைப் பாருங்கள், ஏனென்றால் ஒரு வருடம் நூறு பேர், மறுவருடம் பூஜ்யம் என்று தாவும். பொதுவான அளவு வேண்டுமென்றால், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பட்டியலில் நீடித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. கடும்போட்டி உள்ள கல்லூரிகளில் அது 7 சதவீதம்.

ஏஜென்ட் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்கித் தள்ளிவிட அங்கே கதவு கிடையாது. அதைவிட அவசரமான ஒன்றைச் சோதியுங்கள்: விண்ணப்பத்தில் யாருடைய மெயில் முகவரி, யாருடைய போன் நம்பர் இருக்கிறது? ஏஜென்டோ பிரவுசிங் சென்டர்காரரோ தன் மெயிலைப் போட்டு வைப்பது நடக்கிறது. இடம் வந்தால் பதில் சொல்ல இரண்டு நாள், சில சமயம் ஒரே நாள்தான் தருவார்கள். போனிலும் கூப்பிடுவார்கள். அவர்களுக்குக் காலை 10 மணி நமக்கு இரவு 7.30, மாலை 5 மணி என்றால் நமக்கு விடிகாலை 2.30. போர்ட்டலுக்குள் போய்த் தம்பியின் சொந்த மெயிலையும், முன்னால் 91 சேர்த்த நம்பரையும் இன்றே மாற்றுங்கள். மே, ஜூன் இரண்டு மாதமும் ஸ்பேம் பெட்டியைத் தினம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

செலவுக்குத் தயார் என்றால் அது உங்களுக்குச் சாதகம். உதவித்தொகை கேட்காத வெளிநாட்டு மாணவரை எடுப்பது பல கல்லூரிகளுக்கு எளிது. வாப்பாவின் வங்கிக் கணக்கு அறிக்கையும் சம்பளச் சான்றும் திர்ஹாமில் இருந்தாலும் செல்லும். இப்போதே வாங்கி வையுங்கள், இடம் வந்த வாரத்தில் கேட்பார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு கல்லூரியில் இடமும், அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் வெயிட்டிங் லிஸ்ட்டும். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், இப்போது தடைக்காலம். முன்பணத்துக்கே வழியில்லை. கடன் வாங்கிக் காத்திருக்கலாமா?
(தாய், தங்கச்சிமடம்)

பதில்: கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அமெரிக்காவில் முன்பணம் கட்டுவதும் பட்டியல் அசைவதும் இதே நாட்கள்தான். வருமானம் நின்ற நேரத்தில் செலவு வருகிறது என்பதை அங்கே யாரும் ஊகிக்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

முன்பணத்தைத் தள்ளுபடி செய்யவோ தள்ளிவைக்கவோ பல கல்லூரிகளில் இடமுண்டு. இடம் கொடுத்த கல்லூரிக்கு மகள் இப்படி எழுதட்டும்: தந்தையின் தொழில் இது, அரசு ஆணைப்படி இத்தனை நாள் படகு கடலுக்குப் போகாது, ஆகவே முன்பணத்தில் விலக்கு வேண்டும். மே 1க்கு ஒரு வாரம் முன்பாவது போக வேண்டும். தெளிவான காரணத்தோடு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமலே சேர்க்கிற கல்லூரிகள் அங்கே மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை. மற்ற இடங்களில் பட்டியல் அசையும் நேரத்துக்கு உதவித்தொகை நிதி பெரும்பகுதி கரைந்திருக்கும். முழு உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு அங்கே வாய்ப்பு குறைவு. முதல் விண்ணப்பத்தில் உதவி கேட்காமல் விட்டு, இடம் வந்த பிறகு கேட்கலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பல கல்லூரிகள் அப்படிக் கேட்க விடுவதில்லை.

கடன் என்றால் வங்கிக் கல்விக்கடன் மட்டும். மீட்டர் வட்டி வேண்டவே வேண்டாம். மத்திய அரசின் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 4 லட்சத்துக்கு மேல் போனால் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு. 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை. கடற்கரைக் குடும்பங்களுக்குத் தடங்கல் இங்கேதான். வீடு இருக்கும், பட்டா இருக்காது. புறம்போக்கில் நிற்கிற வீட்டை வங்கி பிணையாக ஏற்காது. அரசு ஒப்படைத்த மனை என்றால் பட்டாவில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். உறவில் யாராவது பட்டா நிலத்தைப் பிணையாகத் தருவதாக இருந்தால், வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் இப்போதே எடுத்து வையுங்கள். வங்கி வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீடும் வர வாரக்கணக்கில் ஆகும். இடம் வந்த பிறகு ஓடினால் விசா நாள் தாண்டிவிடும்.

எங்கள் கருத்து: இடம் கொடுத்த கல்லூரி உதவித்தொகையோடு கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கட்டும், அதற்குக் காசு இல்லை. ஆனால் அதை நம்பிக் கடன் வேண்டாம்.

கேள்வி: பொறியியல் கவுன்சலிங்கில் நான் முதலில் போட்ட கல்லூரி கிடைக்கவில்லை, நாலாவதுதான் வந்தது. முதல் கல்லூரி முதல்வருக்கு 'இன்னும் விருப்பம்' என்று கடிதம் எழுதலாமா?
(மாணவர், தொண்டி)

பதில்: வேண்டாம் தம்பி, தபால் செலவுதான் மிச்சம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் தரவரிசையும் இட ஒதுக்கீடும்தான் பேசும். கடிதத்தைப் படிக்கிற மனிதர் அந்த வழியில் யாருமில்லை. உங்கள் விருப்பத்தைச் சொல்ல அங்கே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழி காட்டும்: ஏற்றுச் சேருதல், ஏற்று மேல்நோக்கிக் காத்திருத்தல், மறுத்து மேல்நோக்கிக் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போதல், மறுத்து விலகுதல். உங்களுக்கு இரண்டாவது, அதாவது 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'. நாலாவது கல்லூரி கையில் இருக்கும். மேலே உள்ள மூன்றில் யாராவது விட்டால் அது உங்களுக்கு வரும். ஆனால் கெடுவுக்குள் சேவை மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு இருந்தால் இரண்டும் போய்விடும்.

'மறுத்து மேல்நோக்கி' என்பதைத் தெரியாமல் அழுத்திவிடாதீர்கள். மேலே கிடைக்காவிட்டால் கையில் இருந்ததும் இருக்காது. இன்னொரு கண்ணி: மேலே இடம் வந்துவிட்டால் கீழுள்ள இடம் தானாகக் கைமாறிவிடும், திரும்ப வராது. அதனால் விருப்பப் பட்டியலை நிரப்பும்போதே, போக மனசில்லாத கல்லூரியை மேலே வைக்காதீர்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜோசா கவுன்சலிங்கிலும் இதே யோசனைதான், பெயர் வேறு: 'ஃப்ரீஸ்' என்றால் இது போதும், 'ஸ்லைடு' என்றால் இதே கல்லூரியில் மேலான பிரிவு, 'ஃப்ளோட்' என்றால் எந்தக் கல்லூரியானாலும் பட்டியலில் மேலே இருப்பது.

கேள்வி: வெயிட்டிங் லிஸ்ட்டில் வைத்த அமெரிக்கக் கல்லூரிக்கு இரண்டாவது மெயில் போட்டும் பதில் இல்லை. வாராவாரம் நினைவூட்டலாமா? எம்.எல்.ஏ. கடிதம் வாங்கித் தருவதாக மாமா சொல்கிறார்.
(மாணவர், தேவிபட்டினம்)

பதில்: பதில் வராது, படிப்பார்கள், கோப்பில் வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு கடிதம், மதிப்பெண் வந்ததும் ஒரு மெயில், அதற்குப் பிறகு நிஜமாகவே பெரிய செய்தி இருந்தால் மட்டும் இன்னொன்று. எம்.எல்.ஏ. உங்களுக்குப் பாடம் நடத்தியவராக இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: இரண்டாம் விருப்பக் கல்லூரியின் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) வந்து, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு) கட்டணம் 350 டாலரும் கட்டி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குப் பதிந்துவிட்டோம். ஜூனில் முதல் விருப்பக் கல்லூரி வெயிட்டிங் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டது. கட்டியதெல்லாம் வீணா?
(தந்தை, ராமேஸ்வரம்)

பதில்: முன்பணம் போகும், செவிஸ் கட்டணம் போகாது. புதுக் கல்லூரியில் முன்பணம் கட்டி, நிதிச் சான்றுகளை அனுப்பிப் புது ஐ-20 வாங்குங்கள். அதில் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் வேறாக இருக்கும். பழைய எண்ணில் கட்டிய கட்டணத்தைப் புது எண்ணுக்கு மாற்றக் கட்டணத் தளத்திலேயே வழி உண்டு. ரசீதையும் இரண்டு ஐ-20களையும் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு பழைய கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதி, அவர்கள் கொடுத்த செவிஸ் பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புது ஐ-20 கைக்கு வரும் முன் பழையதை ரத்து செய்தால் இரண்டுமில்லாமல் நிற்க நேரும்.

டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கல்லூரிப் பெயரும் செவிஸ் எண்ணும் பழையவை. புதிதாக ஒன்று நிரப்பி, அதன் உறுதி எண்ணை நேர்காணல் பதிவிலும் திருத்துங்கள். இதை விட்டுவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். விசா ஏற்கெனவே பழைய கல்லூரிப் பெயரில் குத்தப்பட்டிருந்தால், பயணத்துக்கு முன் புதுக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் தூதரகத்தையும் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். எதுவானாலும் பழைய ஐ-20ஐக் காட்டி உள்ளே நுழையக் கூடாது.

பாஸ்போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறியீடு அது. புது ஐ-20 எப்படியும் அச்சாகப் போகிறது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று இப்போதே எழுதிவிடுங்கள், பிறகு திருத்தம் கேட்டால் இன்னொரு வாரம் போகும். ஐ-20இல் உள்ள படிப்புத் தொடக்க நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே விமான டிக்கெட்டைப் புதுக் கல்லூரியின் தேதி பார்த்துப் போடுங்கள்.